எதிர்பாராத சந்தோஷம்

(நாகர்கோவில் பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றும். எதிர்பாராமல் ஒரு நன்மை வந்தால் மனிதனுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் உண்டாகிறது என்பதுதான் அது. "சந்தோஷம் வந்தால் அனுபவித்துவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்கு ஒரு மேடையும் ஒலிபெருக்கியும் எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தச் சிறிய சந்தோஷத்தைப் பிடித்துக்கொண்டுதான் புரோகிதனும், ஜோசியனும், லாட்டரிச் சீட்டுக்காரனும், ஓட்டுக் கேட்க வருகிறவனும் நம்மை ஆட்டி வைக்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். ஆகையால் இதைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த அனுபவத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒத்து வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்து வராவிட்டால் தள்ளிவிடுங்கள்.

மாதச் சம்பளக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுவோம். முதல் தேதியன்று அவருக்கு இருபதாயிரம் ரூபாய் வருகிறது. அதற்காக அவர் குதிக்கிறாரா? இல்லை. வாடகை, பால், பள்ளிக்கூடம் என்று கணக்குப் போட்டுப் பெருமூச்சு விடுகிறார். அதே மனிதர், துவைக்கப் போடும் சட்டையின் பையைத் தடவும்போது மடிந்து கிடந்த ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று அகப்பட்டுவிட்டால், முகம் மலர்ந்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். அந்த ஐந்நூறும் அவருடைய பணந்தான். புதிதாக ஒருவரும் கொடுத்துவிடவில்லை. சொந்தப் பணத்தை மறந்து போனதற்காக வருத்தப்படவேண்டிய மனிதர் சந்தோஷப்படுகிறார்! இருபதாயிரத்துக்கு வராத சந்தோஷம் ஐந்நூறுக்கு வருவானேன்?

இன்னொன்று பாருங்கள். தோவாளைப் பூச்சந்தைக்கு இரண்டு விவசாயிகள் பிச்சிப்பூக் கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். கிலோ முந்நூறுக்குப் போகும் என்று ஒருவர் நினைத்து வருகிறார். நாளைக்கு முகூர்த்தமாயிற்றே, ஆயிரத்து ஐந்நூறுக்குப் போகும் என்று மற்றவர் நினைத்து வருகிறார். இருவருக்கும் கிடைத்தது ஆயிரம். ஒருவர் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார். மற்றவர் தலையில் கையை வைத்துக்கொண்டு போகிறார். பூவும் ஒன்று, சந்தையும் ஒன்று, விலையும் ஒன்று. வித்தியாசம் எங்கே இருக்கிறது? அவரவர் மனதில் போட்டு வந்த கணக்கில் இருக்கிறது. ஆகவே சந்தோஷம் என்பது வந்த பொருளைப் பொறுத்து மாத்திரம் அல்ல. வந்த பொருளுக்கும் எதிர்பார்த்த பொருளுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நிற்க, இப்படி வரும் நன்மைக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் அதிர்ஷ்டம். அது வடமொழி வார்த்தை. திருஷ்டம் என்றால் காணப்பட்டது. அதிருஷ்டம் என்றால் காணப்படாதது. காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்கு மேல் அந்த வார்த்தையில் ஒரு ரகசியமும் கிடையாது. தெரியவில்லை என்று சொல்லி நிறுத்தியிருந்தால் குற்றமில்லை. ஆனால் தெரியாத இடத்திலெல்லாம் கடவுளைக் கொண்டுவந்து உட்காரவைத்து, பூர்வ ஜென்மப் புண்ணியம் என்றும் கிரகபலன் என்றும் வியாக்கியானம் செய்து, பக்கத்திலேயே ஒரு உண்டியலையும் வைத்துவிட்டார்கள். நாம் கேட்கிறோம்: சட்டைப்பையில் ஐந்நூறு கிடைத்தது கடவுள் அருள் என்றால், அதை அங்கே வைத்து மறந்தது யாருடைய அருள்?

சரி, உண்மையான காரணம் என்ன? நம்முடைய மூளையில் டோபமின் என்னும் ஒரு ரசாயனப் பொருளை வெளியிடுகின்ற நரம்பணுக்கள் இருக்கின்றன. ஷுல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி குரங்குகளிடத்தில் இந்த அணுக்களைப் பல வருஷம் ஆராய்ந்தார். எதிர்பாராத நேரத்தில் குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழரசம் விட்டால் அந்த அணுக்கள் வேகமாய் வேலை செய்தன. பிறகு, ரசம் கொடுப்பதற்குச் சற்று முன்னால் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கினார்கள். பழகினபின் என்ன ஆயிற்றென்றால், அடையாளத்தைக் கண்டவுடனேயே அணுக்கள் துள்ளின. ரசம் வந்தபோதோ சும்மா இருந்துவிட்டன. அடையாளம் காட்டிவிட்டு ரசம் கொடுக்காமல் ஏமாற்றினால், ரசம் வந்திருக்க வேண்டிய அதே நேரத்தில் அவற்றின் வழக்கமான வேலையும் குன்றிப்போயிற்று. 1997-ல் அவரும் தயான், மாண்டேக் என்னும் இருவரும் சேர்ந்து இதன் கணக்கை விளக்கி எழுதினார்கள். நம் தோவாளை விவசாயிகளின் கதைதான் அது! எதிர்பார்த்ததற்கு மேல் வந்தால் ஏற்றம், எதிர்பார்த்தபடி வந்தால் ஒன்றுமில்லை, குறைந்தால் இறக்கம். 2001-ல் அமெரிக்காவில் மனிதர்களுக்கே பழரசமும் தண்ணீரும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோதும், முறை தெரிந்து வந்த சொட்டைவிட முறை தெரியாமல் வந்த சொட்டுக்கே மூளையின் அந்தப் பாகங்கள் அதிகமாக அசைந்தன.

டோபமின்தான் சந்தோஷம் என்று நாம் சொல்ல வரவில்லை. அது பள்ளிக்கூடத்து மணி போன்றது. எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தால் மனிதன் கற்றுக்கொள்ளுவதற்கு ஒன்றுமில்லை. எதிர்பாராத நன்மை வந்தால், "உன் கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, எதனால் இது வந்தது என்று கவனித்து வைத்துக்கொள்" என்று அந்த மணி அடிக்கிறது. தாய் முந்தானையால் முகத்தை மூடித் திறந்தால் கைக்குழந்தை கலகலவென்று சிரிப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆகவே எதிர்பாராததில் சந்தோஷம் வைத்தது மனிதன் அறிவு வளருவதற்கு இயற்கையில் ஏற்பட்ட ஏற்பாடேயொழிய, தேங்காய் உடைப்பதற்கு ஏற்பட்ட ஏற்பாடு அல்ல.

ஆனால் தோழர்களே! மணி அடித்தவுடன் காரணத்தைத் தேடுகின்ற மனம் சரியான காரணத்தைத்தான் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க அறிஞர் 1948-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவேளைக்கு ஒருமுறை தானியம் வரும்படி ஏற்பாடு செய்தார். எட்டுப் புறாக்களில் ஆறு என்ன செய்தன தெரியுமா? ஒன்று கூண்டுக்குள் பிரதட்சணம் வர ஆரம்பித்தது. ஒன்று கூண்டின் மேல்மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு புறாக்கள் பேயாடுகிறவர்களைப்போல் தலையையும் உடம்பையும் ஆட்டின. தானியம் வந்த சமயத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் தானியம் வந்தது என்று நினைத்தாற்போல அதையே திரும்பத் திரும்பச் செய்தன. இதை அவர் புறாவின் மூடநம்பிக்கை என்றே சொன்னார். அந்த அசைவுகளில் சிலவற்றுக்கு வேறு காரணம் சொன்ன விஞ்ஞானிகளும் பிற்காலத்தில் உண்டு. விஞ்ஞானத்தில் குருவாக்கியம் என்பது கிடையாது. சரிபார்க்கச் சரிபார்க்கத்தான் அது வளரும். ஆனாலும் அந்தப் புறாக்களை நினைத்துக்கொண்டு நம் ஊர்களைச் சுற்றிப் பாருங்கள்.

மண்டைக்காடு அம்மன் கோவிலானாலும், கோட்டாறு சவேரியார் கோவிலானாலும், தக்கலை பீரப்பா தர்காவானாலும் நேர்ச்சை என்பது ஒன்றுதான். நூறு பேர் நேர்ந்துகொள்ளுகிறார்கள். நோய் தானாகவோ டாக்டர் மருந்தாலோ தீர்ந்தவர்கள் திரும்பி வந்து காணிக்கை போட்டு ஊரெங்கும் சொல்லுகிறார்கள். தீராதவர்கள் திரும்பி வருவதுமில்லை. வந்தாலும் ஒருவரும் அவர்களைக் கேட்பதுமில்லை. இன்னும் ஒரு விசேஷம். புறாவுக்குக் கொத்துந்தோறும் தானியம் கொடுத்துப் பழக்கிவிட்டு நிறுத்தினால் சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடும். எப்போதாவது ஒருமுறை, எப்போது என்று தெரியாமல் கொடுத்துப் பழக்கினாலோ, நிறுத்திய பிறகும் வெகுநேரம் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். கேட்டபோதெல்லாம் வரம் கொடுக்கிற கடவுளாயிருந்தால் இவ்வளவு பக்தர்கள் சேர்ந்திருக்க மாட்டார்கள். எப்போதோ ஒருவனுக்கு என்றிருப்பதால்தான் கூட்டம் குறையவில்லை.

அன்றியும் பிழைப்பு எங்கே நிச்சயமில்லையோ அங்கேதான் மந்திரம் செழிக்கும். சுமார் நூறு வருஷத்துக்குமுன் மாலினோவ்ஸ்கி என்னும் அறிஞர் பசிபிக் சமுத்திரத்தில் டிரோப்ரியண்ட் தீவு ஜனங்களோடு தங்கி ஆராய்ந்தார். கரையை ஒட்டிய அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது அவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் மந்திர தந்திரங்கள் எல்லாம் செய்தார்கள்.

நம் கரையிலும் ஆழ்கடல் பிழைப்புத்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களில் எத்தனை குடும்பம் அழுதது! செத்துப்போனார் என்று நினைத்திருந்தவர் லட்சத்தீவிலோ மராட்டியக் கரையிலோ ஒதுங்கி உயிரோடிருக்கிறார் என்று சேதி வந்தபோது உண்டான சந்தோஷத்துக்கு இணையாக உலகத்தில் ஒன்றைச் சொல்ல முடியுமா? அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் கடவுள் காப்பாற்றினார் என்று திரும்பியவர் வீட்டில் சொன்னால், திரும்பாதவர் வீட்டில் போய் என்ன சொல்லுவது? ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு வேண்டியிருந்தது அற்புதம் அல்ல. புயல் வருவதற்கு முன்னால் போய்ச் சேருகின்ற எச்சரிக்கையும், வந்தவுடன் புறப்படுகின்ற மீட்புக் கப்பலுமாகும். அதைத்தான் அந்த ஊர் ஜனங்களும் ரோட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். அது பகுத்தறிவான கேள்வி.

நிற்க, லாட்டரிக்கு வருவோம். நம் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசாங்கமே லாட்டரி நடத்துகிறது. 1967-ல் ஆரம்பித்தார்கள். முதல் சீட்டின் விலை ஒரு ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். 1968 ஜனவரி 26-ல் குலுக்கல். தமிழ்நாட்டிலும் 1968-ல், நம்முடைய அண்ணா முதலமைச்சராயிருந்த காலத்தில், அரசாங்க லாட்டரி வந்தது. 2003-ல் இங்கே தடை செய்தார்கள். நம்மவர் நடத்தினாலும் பிறர் நடத்தினாலும் சூதாட்டம் சூதாட்டந்தான். தடை செய்தும் என்ன? எல்லையைத் தாண்டிப் போய் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரப்பர் பால் எடுக்கிறவரும், கட்டட வேலைக்குப் போகிறவரும் அன்றாடக் கூலியில் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். பத்து லட்சம் சீட்டுக்கு ஒரு பெரிய பரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு சீட்டு வீதம் வாங்குகிறவருக்குப் பரிசு விழச் சராசரி பத்து லட்சம் நாள் ஆகும். அதாவது சுமார் 2,700 வருஷம்! திருவள்ளுவர் பிறப்பதற்கு முன்பே சீட்டு வாங்க ஆரம்பித்தவர்கூட இன்னும் காத்திருக்க வேண்டியதுதான். இது தெரிந்தும் ஏன் வாங்குகிறார்? பரிசு விழுந்தவனுடைய படம் கடை வாசலில் தொங்குகிறது. விழாதவர்களுடைய படத்தைத் தொங்கவிட ஊரில் சுவர் போதாது. தவிரவும் ஒரு எண் இரண்டு எண் வித்தியாசத்தில் போயிற்று என்ற எண்ணமே நாளைக்கும் வாங்கச் சொல்லுகிறது. கொத்தும் புறாவுக்கும் இவருக்கும் வித்தியாசம், புறா தன் காசைக் கொடுப்பதில்லை என்பதுதான்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். சந்தோஷம் எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளி என்று சொன்னோம் அல்லவா? அப்படியானால் ஒரு மனிதனைச் சந்தோஷப்படுத்த இரண்டு வழி உண்டு. அவனுக்கு அதிகமாகக் கொடுப்பது ஒரு வழி. அவன் எதையும் எதிர்பார்க்காதபடி தாழ்த்தி வைத்துவிட்டு, கொஞ்சம் கொடுப்பது இன்னொரு வழி. முதல் வழிக்குச் செலவு அதிகம். ஆகையால் உலகத்தில் ஆளுகிற கூட்டமெல்லாம் இரண்டாவது வழியையே கையாண்டு வந்திருக்கிறது.

நம் சொந்த நாட்டுச் சரித்திரத்தையே பாருங்கள். இந்தத் தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மாரை மூடக்கூடாது என்று வைத்திருந்தார்கள். பல வருஷப் போராட்டமும் கலகமும் நடந்தபின், 1859-ல் மூடிக்கொள்ளலாம் என்று மகாராஜா உத்தரவு போட்டார். அதிலும் மேல்ஜாதிப் பெண்கள் உடுத்துவதைப்போல் உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை! தன் உடம்பைத் தன் துணியால் மூடுவதற்கு ராஜாவின் தயவு.

1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் கோவில் பிரவேசப் பிரகடனம் செய்தார். அதுவும் அவருடைய பிறந்தநாளை ஒட்டிக் கொடுத்த பரிசைப்போல வந்தது. ஜனங்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. 1937 ஜனவரியில் காந்தியாரும் இங்கே வந்து அதைக் கொண்டாடிவிட்டுப் போனார். எதிர்பாராமல் கதவு திறந்தால் சந்தோஷம் வராமல் எப்படி இருக்கும்? சந்தோஷப்பட்டவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அது வானத்திலிருந்து விழுந்ததா என்று பாருங்கள். 1924, 1925-ல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. பெரியார் அங்கே போய் இரண்டுமுறை சிறையிலிருந்தார். 1926-லும் 1930-லும் நம் சுசீந்திரத்திலேயே தெருவுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1935-ல் டாக்டர் அம்பேத்கர் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று சொன்னபின், திருவிதாங்கூர் ஈழவர்களுக்குள்ளும் மதம் மாறிவிடுவது என்ற பேச்சுப் பலப்பட்டது. இவ்வளவும் சேர்ந்து தள்ளியபின் கதவு திறந்தது. தள்ளியவர்களை மறந்து, திறந்த கைக்கு மட்டும் கும்பிடு போட்டோம். அதுமட்டுமல்ல. எல்லோருடைய வரிப்பணத்தில் போட்ட தெருவில் நடக்கவிட்டது ஆச்சரியமான நன்மையாகத் தோன்றியதென்றால், அதற்குமுன் நம்மை எவ்வளவு கீழே வைத்திருந்தார்கள்! பெரிய சந்தோஷம் வந்த இடத்தில், அதற்குமுன் பெரிய அநியாயம் ஒன்று இருந்ததா என்று பார்ப்பதே சுயமரியாதைக்காரன் வேலை.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். தேர்தலுக்கு முதல்நாள் இரவு கதவைத் தட்டிக் கையில் திணிக்கிற நோட்டும் எதிர்பாராத சந்தோஷந்தான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு நோட்டு! ரேஷன் அரிசியும் முதியோர் பென்ஷனும் நமக்குச் சட்டப்படி வரவேண்டியவை. அவற்றை வாங்கித் தந்தேன் என்று ஒருவர் வீட்டு வாசலில் நின்று சொல்லும்போது நமக்குக் கண்ணீர் வருமானால், நம் உரிமை என்ன என்பது நமக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் எதிர்பாராத சந்தோஷமே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். அப்படியல்ல. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் பழைய சிநேகிதனும், கணவன் கேட்காமலே வாங்கி வந்த புத்தகமும், கல்லூரியில் படிக்கும் மகள் வாங்கிய பரிசும் வாழ்க்கைக்கு ருசி. அவற்றில் அடிமைத்தனம் ஒன்றுமில்லை. இன்று நீங்கள் கொடுக்கிறீர்கள். நாளை அவர் கொடுப்பார். ஆனால் சோறும், தண்ணீரும், கூலியும், மருந்தும், மானமும் எதிர்பாராமல் வரக்கூடாது. அவை எதிர்பார்த்தபடி, கேட்காமலே, தேதி தவறாமல் வரவேண்டும்.

நாஞ்சில் நாட்டு விவசாயிகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு கன்னிப்பூவும் கும்பப்பூவும் செய்தவர்களுக்கு மழை வந்த நாளெல்லாம் திருவிழாத்தான். ஆனால் மழை வராத வருஷத்தில் பட்டினி. 1897-ல் ஆரம்பித்து 1906-ல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தார்கள். மிஞ்சின் என்னும் எஞ்சினீயர் வேலையை நடத்தினார். கூலிகள் காட்டில் காய்ச்சலோடும் கல்லோடும் மல்லாடினார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களுக்குக் கோதையாற்றுத் தண்ணீர் வந்தது. இப்போது வாய்க்காலில் தண்ணீர் வந்தால் யாரும் கூத்தாடுவதில்லை. வராவிட்டால் ஆபீசுக்குப் போய் ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறார்கள். பாருங்கள், எவ்வளவு பெரிய மாறுதல்! வருணனிடம் போய் "ஏன்?" என்று கேட்டவர் எவரும் உண்டா? தயவாய் இருந்தவரை கும்பிட்டோம். உரிமை ஆனபின் கணக்குக் கேட்கிறோம். ஒரு நன்மை ஆச்சரியமாக இருப்பது நின்று சாதாரணமாகப் போய்விட்டது என்றால், அங்கே மனிதன் ஒருபடி முன்னேறியிருக்கிறான் என்று அர்த்தம்.

ஆகவே தோழர்களே! இனிமேல் எதிர்பாராத நன்மை ஒன்று வந்தால் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். ஆனால் சந்தோஷம் அடங்கியவுடன் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எதனால் வந்தது? இதை நாம் ஏன் எதிர்பார்க்காமல் இருந்தோம்? முதல் கேள்வியைக் கேட்டால் மூடநம்பிக்கை போகும். இரண்டாவது கேள்வியைக் கேட்டால் அடிமைப் புத்தி போகும். இந்த இரண்டையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.